கதை முடிவில் வரும் சொல்

பழைய பெட்டியைக் கிளறும்போது, அப்பா ஜெர்மனியில் வேலைக்குப் போனபோது அனுப்பிய கதைப் புத்தகத்தின் பசை வாசம் மூக்கில் ஏறியது. தாம்பரத்தில் இன்று அடுக்ககமாகிவிட்ட எங்கள் வாடகை வீடும், மின்சார ரயில் போகும்போதெல்லாம் அதிரும் அதன் ஜன்னல்களும், தரையில் குப்புறப் படுத்து அகராதியைப் புரட்டிப் புரட்டி நான் ஜெர்மன் படித்த மத்தியானங்களும் கூடவே வந்துவிட்டன.

அந்தக் கதைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடியும்: அவர்கள் செத்துப்போகவில்லை என்றால் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். அதனால் 'கெஷ்டோர்பன்', அதாவது செத்துப்போவதற்கான சொல், எனக்கு மனப்பாடம்.

அப்பாவிடமிருந்து கடிதமே வராத ஒரு மாதத்தில், அவர் தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவின் கடிதம் வந்தது. கோழி கிளறியது போன்ற அந்தக் கையெழுத்தில் எனக்குப் புரிந்தவை இரண்டுதான்: அப்பாவின் பெயர், அதே வரியில் கெஷ்டோர்பன்.

"என்னடி எழுதியிருக்காங்க?" என்றாள் அம்மா.

"அங்க பனி கொட்டுதாம்மா."

அதன்பிறகு தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே அம்மாவை முந்திக்கொண்டு வாசலுக்கு ஓடுவேன். அம்மாவோ நாளுக்கு நாள் குங்குமத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டே போனாள், அதைப் பார்க்கப் பயந்து நான் தலையைக் குனிந்தபடியே சாப்பிட்டேன்.

பத்தாம் நாள் அப்பாவின் கடிதம் வந்தது. இறந்தது வீட்டுக்காரம்மாவின் கணவர். அடக்கத்துக்குக் கூடமாட நின்றவர் அப்பா; அதனால்தான் அந்த வரியில் அவர் பெயர்.

நான்தான் அழுதேன். அம்மா என் தலையைக் கோதினாள்.

"பனின்னு நீ சொன்னப்பவே தெரியும்டி. கேட்டா நிஜமாயிடுமோன்னு விட்டுட்டேன்."