அறுபது வீடியோ கால்களுக்கு நடுவே ஒரு முகூர்த்தப் புடவை

ஆவணி முகூர்த்தங்களுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையில் காஞ்சிபுரம் போகாதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன். ஆனால் நானே போனேன், என் கல்யாணப் புடவை எடுக்க. வேறு நாளில் லீவு கிடைக்கவில்லை. மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து அம்மா போளூரில் படுத்திருந்தாள். தான் பார்க்காமல் புடவை எடுக்கக் கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே நிபந்தனை.

தாம்பரத்தில் காலை 7.10க்குப் பேருந்து. சுமார் ஐம்பது கிலோமீட்டர், 8.50க்கு இறங்கினேன். கடை வரை ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

பத்து மணிக்கெல்லாம் கடையின் தரைத்தளத்தில் அறுபது பேராவது இருந்தார்கள். பட்டு எடுக்க நாலு பேர் வந்தால், வராத அத்தை, சித்திகளுக்கெல்லாம் காட்டியாக வேண்டுமே! ஆளுக்கொரு வீடியோ கால். மொபைல் டேட்டா நகரவில்லை. கடை வைஃபையிலும் அம்மாவின் முகம் பாதியில் நின்றுவிட்டது.

“கீழ பழைய வைஃபைம்மா, கூட்டம் வந்தா நின்னுடுது. மேல புதுசு மாட்டிக்கீறாங்க, வாங்க,” என்றார் விற்பனையாளர் ரேவதி.

மேலேயும் அதே கூட்டம், ஆனால் படங்கள் ஓடின. நெட்வொர்க் வேலையில் இருப்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பழைய வைஃபை ஒரு நேரத்தில் ஒரு போனுக்குத்தான் சவாரி போகும். மற்றவை காத்திருக்க வேண்டும். வைஃபை 6 ஷேர் ஆட்டோ மாதிரி, ஒரே சவாரியில் பல போன்களின் தரவை ஏற்றிக்கொள்ளும். கூட்டத்தில் கைகொடுப்பது இந்தப் பங்கீடுதான்.

என் படம் மட்டும் திணறியது. ஊருக்கெல்லாம் புது ரூட்டர் மாட்டும் என்னிடம் இருப்பது ஏழு வருடப் பழைய போன். அதற்கு இந்தப் பங்கீடு தெரியாது. வெட்கமாக இருந்தது. ரேவதி சிரித்துக்கொண்டே தன் போனை நீட்டினார். “இதுல போடும்மா.”

மாப்பிள்ளை வீட்டார் கேட்டிருந்த அரக்கு நிறப் புடவையைத் தோளில் போட்டுக் காட்டினேன். அம்மா புடவையைப் பார்க்கவில்லை.

“உனக்குப் புடிக்கல. மூஞ்சியே சொல்லுது. வேற எடு, அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்,” என்றாள்.

ஒரு மாதமாக அந்த நிறத்தைப் பற்றிப் போனில் “பிடிச்சிருக்கும்மா” என்றே சொல்லிவந்தேன். குரலை நம்பியவள் முகத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள். கடை என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

போகிறவர்கள் வார நாளில் போங்கள். புது வைஃபை எந்தத் தளத்தில் என்று முதலிலேயே கேளுங்கள். உங்கள் போனும் வைஃபை 6 அல்லது 7 வகையா என்று பாருங்கள்.

மயில்கழுத்து நிறத்தில் எடுத்தேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் அம்மா பேச வேண்டியிருக்கவில்லை. பேருந்து ஏறும் முன் நானே கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.