ஐந்தரை மில்லிமீற்றர் பெருமை

போன் விற்கிற தொழிலில் ஒரு வசதி: சாமானில் எதைக் குறைத்தாலும் அதற்கு ஒரு நல்ல பெயர் வைத்து, கூடுதல் விலைக்கு விற்கலாம். பற்றரியைக் குறைத்தால் 'மெல்லிசு'. மூன்று கமெராவை ஒன்றாக்கினால் 'எளிமை'. ஒரு ஸ்பீக்கரைக் கழற்றினால் 'அமைதி' என்று சொல்ல நான் ஆயத்தமாகத்தான் இருந்தேன், யாரும் கேட்கவில்லை. வவுனியா பஸ் நிலையத்துக்குக் கிட்ட பத்து வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். பென்சிலை விட மெல்லிய போன் வந்திறங்கிய பிறகு என் கண்ணாடி மேசைக்கு முன்னால் நடந்தவற்றில் சிலதை எழுதுகிறேன். உங்களிலும் சிலர் அதை வாங்கி வைத்துக்கொண்டு சார்ஜர் தேடித் திரிவீர்கள். வெட்கப்பட வேண்டாம், ஊரில் நிறையப் பேர் இருக்கிறோம்.

உறை

முதல் போனை வாங்கியவர் அரிசி ஆலை வைத்திருக்கிற றஹீம் நானா. அரிசியை உள்ளங்கையில் போட்டுப் பார்ப்பது போல போனைப் போட்டுப் பார்த்தார். ஐந்தரை மில்லிமீற்றர்தான் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. பிறகு, ஆலையில் சீமெந்து நிலம், விழுந்தால் உடையும், ஒரு உறை போட்டுத் தா என்றார். நான் எடுத்துக்கொடுத்த மெல்லிய உறையை இரண்டு விரலால் மடித்துப் பார்த்துத் திருப்பித் தந்தார். கடைசியில் கடையிலேயே தடித்ததைத் தெரிந்தெடுத்தார், நாலு மூலையிலும் றப்பர் வைத்தது. முன்பக்கத்துக்கு ஒரு கண்ணாடி, பின்பக்கத்துக்கு விரல் விடுகிற வளையம்.

எல்லாம் பூட்டி முடித்த பிறகு தன் பழைய போனைப் பக்கத்தில் வைத்தார். புதியதுதான் தடிப்பு. ஏசப்போகிறார் என்று நினைத்து நான் மேசையைத் துடைக்கத் தொடங்கினேன். அவர் போனைச் சட்டைப் பைக்குள் ஆறுதலாக இறக்கிவிட்டுச் சொன்னார்: "உள்ளுக்கு மெல்லிசு எண்டு உனக்கும் எனக்கும் தெரியும்தானே தம்பி. அது போதும்."

ஓமந்தை மட்டும்

கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிற சுதர்சன் வாங்கி ஒன்பதாம் நாள் திரும்பி வந்தான். போனை மேசையில் வைத்தான். அது தொட்டில் மாதிரி ஆடியது. காற்சட்டைப் பின்பையில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஓமந்தை வரைக்கும் போயிருக்கிறான். திரையின் நடுவில் ஒரு பச்சைக் கோடு, அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

விளம்பரத்தில் ஒருவர் இரண்டு கையாலும் பிடித்து வளைத்துக் காட்டுகிறாரே, ஒன்றும் ஆகவில்லையே என்று கொம்பனிக்காக வாதாடினேன். விற்றவன் வேறு என்ன செய்வான்? சுதர்சன் வளைந்த போனைத் தட்டிக் காட்டினான். "அவங்கள் கையாலைதான் வளைச்சுப் பாத்தவங்கள் அண்ணை. ஒருத்தரும் அதுக்கு மேலை குந்தியிருந்து ஓமந்தை மட்டும் போய்ப் பாக்கேல்லை."

ஓட்டை எங்கே?

கனகராயன்குளத்தில் வயல் செய்கிற செல்வி அக்காவுக்கு கட்டாரிலிருந்து கணவர் அதே போனை அனுப்பியிருந்தார். சிம் போடுகிற ஓட்டையைக் காணவில்லை என்று கொண்டுவந்தா. ஓட்டை கிடையாது, மெல்லிசாக்குவதற்காக எடுத்துவிட்டார்கள், நம்பர் உள்ளுக்கேயே பதிந்திருக்கும் என்று விளங்கப்படுத்தினேன்.

வயலில் நிற்கும்போது பற்றரி முடிந்தால் சிம்மைக் கழற்றித் தங்கச்சியின் போனில் போட்டுக் கணவரோடு கதைப்பது அக்காவின் வழக்கமாம். இனி அது ஏலாது என்றேன். "முந்தி போன் செத்தாலும் நம்பர் தப்பும். இதிலை ரெண்டும் ஒண்டாப் போகுது, என்ன?"

மிஸ்

இதை எழுதாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன். எங்கள் பகுதிக் குடும்பநல மாதுவை எல்லோரும் மிஸ் என்போம். பிள்ளை நிறுக்கிற தராசும் பையுமாக, கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்க ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போகிறவா. இவ்வளவு பாரத்தோடு போனும் பாரமாக இருக்க வேண்டுமா என்று கேட்டு அந்தப் போனை அவவுக்கு விற்றவன் நான். பகல் முழுக்க அழைப்பு வருகிற ஆளுக்கு அந்தப் பற்றரி பின்னேரம் வரைக்கும் நிற்காது என்பது எனக்குத் தெரியும். அவ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

இரண்டு கிழமை போயிருக்கும். அவவின் பகுதியில் ஒரு கர்ப்பிணிக்குப் பின்னேரம் மூன்று மணிபோல இரத்தம் போகத் தொடங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் அம்புலன்சுக்கு முதல் மிஸ்ஸுக்குத்தான் போன் எடுப்பார்கள். அந்தப் பெண்ணின் கணவன் எடுத்தான், எடுத்தான், போன் நிறுத்தப்பட்டிருக்கிறது என்றே வந்தது. மனைவியைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் மிஸ்ஸைத் தேடிப் புறப்பட்டான். நாலாவது வீட்டில் பிள்ளை நிறுத்துக்கொண்டு நின்றாவாம். அவனுடைய போனில் அம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு அவனுக்குப் பின்னாலேயே ஏறிப் போனா. தாயும் தப்பினாள், பிள்ளையும் தப்பியது.

அடுத்தநாள் காலை மிஸ் கடைக்கு வந்தா. கிளினிக் அட்டையை வாசிக்கிற அதே குரலில் நடந்ததைச் சொன்னா. போனைத் திருப்பி எடுத்துக்கொண்டு, இரண்டு நாள் சார்ஜ் நிற்கிற ஒரு தடித்த போனைக் கொடுத்தேன். கொஞ்சம் பாரம் மிஸ் என்றேன், தலையைக் குனிந்தபடி. "பாரம் தூக்கிப் பழகின ஆள் நான், தம்பி. அடிக்காத போனைத்தான் தூக்கிக்கொண்டு திரிய ஏலாது."

பிரதிநிதி

அந்த மாதமே கொம்பனியின் விற்பனைப் பிரதிநிதி கழுத்துப்பட்டியோடு கொழும்பிலிருந்து வந்தார். கதிரையில் உட்கார முதலே, சார்ஜ் போட ஒரு இடம் தருவீர்களா என்று கேட்டார். அவர் கையிலும் அதே போன். நான் மிஸ்ஸின் கதையை ஒன்றும் விடாமல் சொன்னேன். பற்றரியைப் பெரிதாக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதுங்கோ, தடித்தாலும் பரவாயில்லை என்றேன். மனுசன் உண்மையாகவே கவலைப்பட்டார், குறிப்புப் புத்தகத்தில் எழுதவும் செய்தார். பிறகு பேனையை மூடிவிட்டுச் சொன்னார்: "கட்டாயம் சொல்றேன் அண்ணா. ஆனா அடுத்த மொடல் இதைவிட மெல்லிசு."

இந்தப் போன் கொடுத்த விலைக்குத் தகுமா என்று கேட்டால், கடையில் நின்று கையில் பிடித்துப் பார்க்கிற ஐந்து நிமிடத்துக்குத் தாராளமாகத் தகும், வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு வருகிற இரண்டு வருடத்தைத்தான் எப்படிக் கழிப்பதென்று யோசிக்க வேண்டும்.