விரல் பதிந்த இடம்

பிள்ளைகளே, யாராவது கால் வீங்கியிருக்கிறது என்று சொன்னால் போதும், நான் குனிந்து கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பேன். கல்யாண வீடு, பஸ் ஸ்டாண்டு என்றெல்லாம் பார்க்க மாட்டேன். "அப்பா, நீ என்ன டாக்டரா?" என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று நான் சொன்னதில்லை. சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மே மாதம். மரக்காணம் உப்பளத்தில் நான் மேஸ்திரி. எட்டாவது வரை படித்திருந்ததால் அந்த வேலை கிடைத்தது. எங்களுடையது கிறிஸ்தவத் தெரு, ஊரை விட்டுத் தள்ளி உப்புப் பாத்திகளை ஒட்டி இருந்தது. மாசாமாசம் ஊருக்கு வருகிற கவர்ன்மென்ட் நர்ஸம்மா ஊர்த்தெருவோடு திரும்பிவிடுவார். வழியெல்லாம் சேறு என்பார். சேறு மட்டும் காரணமில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

அந்த வருஷம் பாண்டிச்சேரியில் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் சிலர் ஒரு சங்கமாகச் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஆரம்பித்தார்கள். எங்கள் தெரு, முஸ்லிம் தெரு, மீனவர் குப்பம் என்று யாரும் எட்டிப் பார்க்காத இடங்களாகப் பார்த்து வந்தார்கள். பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் பெஞ்சு போட்டு உட்காருவார்கள். பெயரை எழுதி ஆளைக் கூப்பிடுவது என் வேலை.

என் தங்கை, உங்கள் அத்தை, தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். எட்டாம் மாதம். எங்கள் அம்மா போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. எனக்கும் அப்போது கல்யாணம் ஆகவில்லை. தாய்வீடு என்று அவள் வந்தது என்னை நம்பித்தான்.

பெஞ்சில் இருந்த ஒரு மாணவி, எங்களுக்கு அவரும் டாக்டரம்மாதான், தங்கையின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. கையில் பட்டை சுற்றி பிரஷர் பார்த்தார்.

"உப்பைக் குறைச்சிக்கணும், அக்கா."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். "உப்பளத்துக்காரி கிட்ட வந்து உப்பைக் குறைன்னுது பாரு இந்தப் பொண்ணு!"

தங்கையும் விடவில்லை. "நான் எங்க டாக்டரம்மா உப்பைத் தின்றேன்? அதுதான் என்னைத் தின்னுது."

அந்த அம்மாவும் சிரித்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"அண்ணே, பிரஷர் ரொம்ப அதிகமா இருக்குது. இது உப்புத் தண்ணி வீக்கம் இல்ல. இப்பவே எங்க வேன்ல வந்துடறீங்களா?"

"துணிமணி எடுக்கணும்மா. காலையில முதல் பஸ்ல வந்துடறோம்."

"கண்டிப்பா வரணும். நான் வார்டுலயே இருப்பேன்" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். உப்புத் தண்ணியில் நிற்கிற யாருக்குத்தான் கால் வீங்கவில்லை என்று மனசுக்குள் ஒரு எண்ணம்.

திங்கட்கிழமை விடிந்தபோது வானம் கருத்துக் கிடந்தது. வாரின உப்பு வரப்பெல்லாம் கிடக்கிறது. மழைக்கு முன்னால் அதை அம்பாரமாகக் குவித்துப் பனையோலை போட்டு மூட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மாசத்துப் பாடு ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடும்.

"நாளைக்குப் போவலாமா?" என்று தங்கையைக் கேட்டேன்.

"சரிண்ணே. நீ இல்லன்னா இந்தக் கூட்டத்தை யாரு மேய்க்கிறது? மூடிட்டே போவோம்" என்றாள்.

அவள் சொன்னது எனக்குச் சாக்காகப் போயிற்று. வேறு யாரோடாவது அனுப்பியிருக்கலாம். அதுகூடத் தோன்றவில்லை.

வீட்டில் சும்மா இருக்க மாட்டாமல் அவளும் வந்து வரப்பில் உட்கார்ந்து ஓலை எடுத்துக் கொடுத்தாள். பத்து மணி வாக்கில் தலை வலிக்கிறது என்றாள். கொஞ்ச நேரம் போனது.

"அண்ணே, கண்ணு மங்கலா தெரியுது."

"உப்பு வெள்ளை கண்ணுல அடிக்குது. முந்தானையைத் தலையில போட்டுக்கோ."

திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன். உப்பளத்தில் யாருக்குக் கண் கூசினாலும் அப்படித்தான் சொல்லுவோம். ஆனால் அன்றைக்கு வெயிலே இல்லை, பிள்ளைகளே. காலையிலிருந்து ஒரு பொட்டு வெயில் இல்லை.

அம்பாரத்தை மூடி முடித்த நேரம் அவளுக்கு வலிப்பு வந்தது. உப்பு லாரியில் சாக்கை விரித்துப் படுக்க வைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பாண்டிச்சேரிக்குக் கொஞ்சம் முன்னால், பெரிய முதலியார்சாவடி வரும்போது மூச்சு நின்றுவிட்டது. வயிற்றில் இருந்ததும் அவளோடு போயிற்று. ஆஸ்பத்திரியில் அந்த மாணவி ஓடி வந்தார். "காலையில இருந்து வாசலையே பார்த்துட்டு இருந்தேண்ணே" என்றார். சீட்டு என் பையில் வேர்வையில் நனைந்து மை கலைந்திருந்தது.

அடுத்த ஞாயிறும் அவர்கள் வந்தார்கள். எங்கள் தெருவுக்கும் நர்ஸ் வர வேண்டும் என்று கலெக்டருக்கு மனு எழுதினார்கள். தெருவே கைநாட்டு வைத்தது. நான், "சீட்டு இருந்தும் அண்ணன்காரன் கூட்டிட்டு வரலன்னு அதுல எழுதுங்கம்மா" என்றேன்.

அந்த அம்மா பேனாவை மூடினார். "மாசாமாசம் யாராவது வந்து பார்த்திருந்தா நீங்க ஒருத்தரே முடிவு பண்ண வேண்டி இருந்திருக்காதுண்ணே. அதைத்தான் எழுதியிருக்கோம்" என்றார்.

ஒன்றரை வருஷம் கழித்து நர்ஸ் வந்தார், சேற்றில் நடந்தே வந்தார். டாக்டரம்மா சொன்னது நியாயம்தான். ஆனாலும் என் பங்கு எனக்குத் தெரியும். யாராவது உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னால், எல்லாருக்கும் இப்படித்தான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் அதைச் சொல்லித்தான் அவளை இழந்தேன்.

மனு எழுதின அந்த ஞாயிறு, அவர்கள் வேன் கிளம்பின பிறகு தனியாக உப்பளத்துக்குப் போனேன். ஓலைக்குள்ளே அம்பாரம் பத்திரமாக இருந்தது. ஒரு கல் கரையவில்லை. அவள் உட்கார்ந்திருந்த வரப்பில் உட்கார்ந்து வேட்டியைத் தூக்கிக்கொண்டேன். பதினாலு வயசிலிருந்து உப்புத் தண்ணியில் நின்ற கால், அதுவும் வீங்கித்தான் இருந்தது. கட்டைவிரலை வைத்து அழுத்தி, எடுத்தேன். அவள் காலில் நின்ற மாதிரி குழி விழவில்லை. இன்னொரு காலிலும் அழுத்திப் பார்த்தேன்.