மடிப்பு மாஸ்டரின் மீன்குளம்

ஓரம் மடிக்காத எதையும் மடிப்பு மாஸ்டர் தன் தையல் கடையை விட்டு வெளியே அனுப்பியதில்லை. கைக்குட்டையைக்கூடத் திருப்பிப் பார்ப்பார்; பிசிறு கண்ணில் பட்டால் பிரித்து மறுபடி தைப்பார். மறுநாள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு, "உள்பக்கம் யாருங்க பாக்கப் போறா?" என்று கெஞ்சிய மாப்பிள்ளையிடம், "நான் பாத்துட்டேனே தம்பி" என்று சொன்னவர்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொல்லையில் தோண்டிய குழிக்குக் குறுக்கே பலகை போட்டுக் குப்புறப் படுத்திருந்தார். பழைய சிமெண்ட் தொட்டி வெடித்ததால் மூன்று மீன்களும் குளியலறை டிரம்முக்குக் குடிபோயிருந்தன. அதில் பெரியது, அவருடைய செல்லம், காலையிலிருந்து ஒருக்களித்து மிதந்தது. ஃபைபர் கிளாஸ் குளம் இன்றைக்கு முடிந்தால்தான் அது இறுகி, கழுவி, வாரக் கடைசியில் தண்ணீர் விட முடியும். அதற்கு மேல் டிரம் தாங்காது. நாரை ஒட்டும் பசையான ரெசினும் வாளியில் இருந்ததோடு சரி.

குழியின் தரையும் சுவர்களும் நேற்றே ஒட்டியாயிற்று. மூலைகள்தான் பாக்கி. மூலை என்றாலே மாஸ்டருக்குச் சட்டைக் காலர்தான். ரெசினில் அதை இறுக வைக்கும் ஹார்டனரைக் கலந்தார். கண்ணாடி நார் விரிப்பைக் கத்தரியால் நூல் பிடித்தாற்போல் வெட்டி, ஓரத்தை மடித்து ஒட்டினார். மடிப்பு குமிழ்விட்டு எழுந்தது. ரோலரால் அழுத்தினார். இங்கே சமாதானமாகி அங்கே முறுக்கிக்கொள்ளும் சம்பந்தி மாதிரி, பக்கத்தில் எழுந்தது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடும் வேலை பார்க்கும் அவர் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, மடிப்புக்குள்ள காத்து நிக்குது. தண்ணி அந்த வழியாத்தான் ஒழுகும். கையால பிச்சு, ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி ஒட்டுங்க."

"பிசிறு தெரியுமே."

"நான் இப்படி மடிச்சுக் கட்டு போட்டா, கால் ஒடிஞ்சு வந்தவனுக்குத் தோலும் புண்ணாயிடும். மீனுக்கு என்ன, கோட்டா தைக்கிறீங்க?"

"இரு, யோசிக்கிறேன்."

"வாளி சுடுது. நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள இது கல்லாயிடும்."

தேன்போல் இருந்த ரெசின் பாகாகிக்கொண்டிருந்தது. மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்தார். மடிப்பின் நுனியைப் பிடித்து இழுத்தார். பாதி இறுகிய நார் அழுதுகொண்டே வந்தது. புது விரிப்பைக் கையால் கிழித்தார். அந்தச் சத்தத்துக்கு அவரே முகம் சுளித்தார். ஆனால் ரெசின் பட்டதும் பிசிறெல்லாம் இருக்கிற இடம் தெரியாமல் சுவரோடு படிந்தது. மனைவி ரோலரைத் தேய்க்கத் தேய்க்க அவர் கிழித்துக்கொண்டே போனார். கடைசி மூலைக்கு வரும்போது வாளியை வழித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"இது பிடிக்குமா?"

"தெரியலங்க," என்றாள். அவள் பொய் சொல்லிப் பழகாதவள்.

வெள்ளிக்கிழமை தண்ணீர் விட்டார்கள். சனிக்கிழமை காலை வரை மட்டம் இறங்கவில்லை. மீன்களைக் கொண்டுவந்து விட்டதும் சின்னவை இரண்டும் நீந்தி ஓடின. பெரியது கல் மாதிரி அடியில் போய்ச் சாய்ந்தது. மாஸ்டர் கரையில் மண்டியிட்டார். செவுள் ஒருமுறை திறந்தது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு வால் மெல்ல அசைந்தது. உடம்பு நிமிர்ந்தது. தள்ளாடி மேலே வந்து, குளத்தை ஒரு சுற்றுச் சுற்றியது.

"அது மூச்சு விட்டாச்சு," என்றாள் மனைவி. "இப்ப நீங்க விடுங்க."