வலது பையில் வேறெதுவும் கூடாது

வெர்லின் ப்ரூயிட் என் கையிலிருந்து முதன்முதலில் வாங்கியது ஒரு படிவம். அதை இடது கையால் வாங்கினார்.

மிசூரி மலைப்பக்கத்தில் இருக்கும் இந்தச் சிற்றூரின் பிசியோதெரபி நிலையத்தில் நான் சேர்ந்து அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இடது கையை நீட்டினால் புறங்கையில் அடி விழும் வீட்டில் வளர்ந்தவன் நான். எங்கள் தெருவிலேயே முதலில் பட்டம் வாங்கியவன்; அந்தப் பட்டத்தைச் சட்டம் போட்டு நிலையத்துச் சுவரில் மாட்டியிருந்தேன். இந்த ஆள் என் நிறத்தைப் பார்த்துத்தான் இப்படி வாங்குகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். பேனாவைக் கொடுத்தேன். அதையும் இடது கையால் வாங்கி, வலது கைக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டார்.

வரவேற்பு மேசையில் இருந்த டெனீஸ் என் முகத்தைக் கவனித்துவிட்டார்.

"மனசுல வச்சுக்காதே. அவரு சர்ச்சுல பாதிரியாருக்கே இடது கையைத்தான் குடுப்பாரு" என்றார். பிறகு அவரைப் பார்த்து, "வெர்லின், பெட்டி காலியாத்தான் இருக்கு" என்றார்.

வெர்லின் வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டு, தோல் உறை போட்ட ஒரு சின்னக் கைத்துப்பாக்கியை எடுத்தார். உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. மேசைக்கடியில் இருந்த இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடது பையில் போட்டுக்கொண்டார். இந்த ஊரில் அது குடையை வாசலில் வைத்துவிட்டு வருவது மாதிரி. டெனீஸுடையது அவருடைய கைப்பையில் இருந்தது. அதை வெர்லின் ஒவ்வொரு முறையும் சீண்டுவார்.

"அந்தப் பையில சீப்பு, உதட்டுச்சாயம், பேத்தி பொம்மை எல்லாத்தையும் ஒதுக்கிட்டு நீ அதை எடுக்குறதுக்குள்ள திருடன் காபி போட்டுக் குடிச்சிட்டுப் போயிடுவான்."

"போறப்போ உங்களுக்கும் ஒரு கப் ஊத்திக் குடுக்கச் சொல்றேன்" என்பார் டெனீஸ்.

வெர்லினுக்கு வலி வலது புட்டத்தில் தொடங்கிக் கெண்டைக்கால் வரை இறங்கியது. பழுதான வண்டிகளை இழுத்துப் போகும் இழுவை வண்டி ஓட்டுகிறவர். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் இருக்கையில். நான் அழுத்திப் பார்த்த இடத்தில், நரம்பு போகும் பாதையிலேயே, தோல் தடித்துக் கறுத்திருந்தது. இங்கே என்ன இருந்தது என்று கேட்டேன். "பதினோரு வருஷம் இதுக்கு முந்தினது இருந்துச்சு" என்று டெனீஸின் மேசைப் பக்கம் தலையை ஆட்டினார்.

முதலில் அது அவர் வண்டிக் கதவுப் பெட்டியில்தான் இருந்ததாம். ஒரு மத்தியானம் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்ற வேன் ஒன்றுக்குக் கொக்கி மாட்டக் குனிந்தபோது, கூப்பிட்டவனே இரும்புக் கம்பியால் முகத்தில் அடித்துவிட்டு இழுவை வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். மூன்று பல் போயிற்று. இரண்டு நாள் கழித்து வண்டி ஒரு பள்ளத்தில் கிடைத்தது. துப்பாக்கி பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

"எட்டு அடி எடுத்து வச்சிருந்தா கைக்கு வந்திருக்கும். நான் விழுந்த இடத்துல இருந்து எண்ணிப் பாத்தேன்" என்றார்.

அதன்பிறகு அவர் அதை உடம்பைவிட்டு இறக்கவில்லை. எங்கே வைப்பது என்பதுதான் தீராத பாடாக இருந்தது. வலது இடுப்பில் உறை போட்டு வைத்தால் எடுப்பது சுலபம், ஆனால் இருக்கை அதை அழுத்த, அது அவரை அழுத்தியது. வயிற்றுப் பக்கம் வைத்தால் சங்கிலி மாட்டக் குனியும்போதெல்லாம் தொப்பையில் குத்தியது. கணுக்காலில் கட்டிப் பார்த்தார்; சாயங்காலமானால் கால் வீங்கிப் பட்டை இறுகியது. தவிர, எடுக்க வேண்டுமானால் ஈரத் தார்ச்சாலையில் முட்டி போட வேண்டும். "அதைப் பாத்தா ஏதோ கல்யாணம் பண்ணிக்கக் கேக்குறேன்னு நினைச்சுக்குவான்." தோள்வாரில் மாட்டி அக்குளுக்கடியில் வைத்தார். கம்பி வடம் இழுத்து இழுத்துக் கிழிந்த தோள் அதைத் தாங்கவில்லை. கடைசியில், பின்பக்கச் சுத்தியல் துணியில் மாட்டாதபடி உள்ளே மறைந்திருக்கும் ஐந்து குண்டுச் சுழல் துப்பாக்கி ஒன்றை வாங்கிப் பைக்கு வந்து சேர்ந்தார்.

பையில் ஒரு வசதி உண்டு என்றார். இடுப்பில் இருந்தால் சட்டையைத் தூக்கினால்தான் கை போகும், எதிரே நிற்பவன் உஷாராகிவிடுவான். பைக்குள் கையை விட்டுக்கொண்டு எவ்வளவு நேரமும் நிற்கலாம். குளிருக்கு நிற்கிற ஆள் மாதிரி இருக்கும். வசதியின்மையும் உண்டு. உட்கார்ந்திருந்தால் எடுக்க வராது, பஞ்சும் தூசியும் சேரும், ஐந்துக்கு மேல் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கட்டுப்பாடு: அந்தப் பையில் வேறெதுவும் கூடாது. சாவி, சில்லறை, கைக்குட்டை, எதுவும். ஏதாவது ஒன்று விசையில் மாட்டினால் தொடையிலேயே வெடிக்கும்.

"உறை துப்பாக்கிக்கு இல்ல தம்பி, விசைக்கு. அது மூடியிருக்கணும்."

அதனால்தான் இடது கை. யார் எதைக் கொடுத்தாலும் இடது கையில் வாங்கி இடது பையில் போட்டுப் பழகிவிட்டார். வலது கை வலது பைக்கு.

உடம்பிலிருந்து அந்தக் கனத்தை அடியோடு இறக்கிவிட்டால் இடுப்பு சீக்கிரம் சரியாகும் என்று, படித்தவன் என்ற மிடுக்கோடு சொன்னேன். அவர் சுவரில் இருந்த என் சான்றிதழை ஒரு முறை பார்த்தார்.

"அது எனக்குப் படிக்காமலே தெரியும் தம்பி" என்றார்.

அந்தச் சிகிச்சை மூன்று மாதத்தில் முடிந்தது. வலி பாதிதான் போனது. ஆனாலும் அந்தப் பக்கம் வந்தால் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அப்படித்தான் அவர் மனைவி ஆர்டித்தையும் தெரிய வந்தது. பள்ளிச் சமையலறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். மகள் பிறந்த வருடம் வெர்லின் புகைப்பதை விட்டபோது, வாய்க்கு இருக்கட்டும் என்று தினமும் காலையில் இரண்டு பெப்பர்மின்ட் மிட்டாயை அவருடைய வலது பையில் போட்டு அனுப்ப ஆரம்பித்தாராம். துப்பாக்கி பைக்கு வந்தபோது மிட்டாயை இடப்பக்கம் மாற்றச் சொன்னார் வெர்லின். அவர்கள் கல்யாணத்தில் அதுதான் பெரிய சண்டை. மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் மிட்டாய் இடது பையில் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பிருந்தே ஆர்டித்துக்கு நினைவு தப்ப ஆரம்பித்திருந்தது. போன குளிர்காலத்தில் வாசல் பனியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் பிரித்த பிறகு, செவ்வாயும் வியாழனும் நான் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுத்தேன். போகும்போதெல்லாம் அவர் கேட்பார்:

"உங்க ஊர்ல பனி கொட்டுமா?"

"கொட்டாதும்மா."

"அப்புறம் எதுக்கு இங்க வந்தே?"

ஒவ்வொரு முறையும் வேறு வேறு பதில் சொன்னேன். எதுவும் அவருக்குத் திருப்தியாக இல்லை.

மிட்டாய் மறுபடி வலது பையில் வர ஆரம்பித்ததை அந்த நாட்களில்தான் வெர்லின் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கழற்றி மாட்டிய காற்சட்டையில் போட்டுவிடுகிறாள், சொன்னால் மன்னிப்புக் கேட்கிறாள், மறுநாள் மறுபடி வலப்பக்கம். அதனால் வீட்டுக்குள் வந்ததும் துப்பாக்கியைப் பூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உடை மாற்றுகிறேன் என்றார். அவர் கண்ணுக்குக் கீழே கறுத்துத் தொங்கியிருந்தது. முன்பு ஊரைப் பார்த்து எச்சரிக்கையாக இருந்தவர். இப்போது வீட்டிலும் இருக்க வேண்டியிருந்தது.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய், காலை பத்து மணிக்கு நான் போனபோது முற்றத்தில் இழுவை வண்டி சொட்டிக்கொண்டு நின்றது. வெர்லின் உறைமழையில் நனைந்து வந்து வெந்நீரில் நிற்கிறார் என்றார் ஆர்டித். பெரிய பைகள் வைத்த கம்பளிச் சட்டை போட்டிருந்தார். அவரைச் சமையலறை மேசை முன்னால் உட்கார வைத்து, ரப்பர்ப் பந்தைக் கையில் கொடுத்தேன். பத்து முறை அழுத்த வேண்டும். பிறகு ஓய்வு. ஓய்வில் கை குளிர்ந்துவிடக் கூடாது, பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான்தான் பழக்கியிருந்தேன். போன வாரத்தைவிடப் பிடி நன்றாக இருந்தது. குறித்துக்கொண்டேன்.

வெர்லின் உலர்ந்த உடையில் வந்தார். எங்களைத் தாண்டித் துணி துவைக்கும் அறைக்குப் போனார். இயந்திரம் சட்டென்று நின்றது. ஈரத் துணிகளை வெளியே இழுத்துப் போடும் சத்தம். திரும்பி வந்தவர், தரையில் இருந்த வெப்பக்காற்றுத் துளைக்கு அருகில் நின்றுவிட்டார். அங்கே தோல் உறை காய்ந்துகொண்டிருந்தது. அதற்குள் எதுவும் இல்லை. அவர் வலது பையைத் தட்டினார். மிட்டாய்க் காகிதம் சரசரத்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. குளிர் தாங்காமல், பத்து நிமிடம்தானே என்று ஈரக் காற்சட்டையை அப்படியே கொக்கியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். ஈரத் துணியைப் பார்த்தால் ஆர்டித்துக்குக் கை சும்மா இருக்காது; பையைக் காலி செய்து இயந்திரத்தில் போட்டுவிடுவார்.

அவர் குரலை உயர்த்தவில்லை. மிரண்டால் ஆர்டித்துக்கு இருக்கிற நினைவும் தப்பிவிடும்.

"கண்ணு, என் பையில இருந்ததை எங்க வச்சே?"

"எங்க வைக்கணுமோ அங்கதான்" என்றார் ஆர்டித், பந்தைப் பார்த்தபடி.

"நீங்க நடத்துங்க தம்பி" என்று என்னிடம் சொல்லிவிட்டு வெர்லின் உள்ளே போனார். நான் எண்ணினேன். அழுத்துங்க, விடுங்க. அலமாரியைத் திறப்பது கேட்டது. பழைய இடுப்பு உறை அங்கேதான் தொங்கும். செருப்புப் பெட்டிகள் சரிந்தன, கணுக்கால் பட்டை அவற்றில்தான் கிடக்கும். தோள்வார் மாட்டிய மேல்கோட்டை உதறும் சத்தம். இத்தனை வருடத்தில் அது இருந்த இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடுகிறார். நான் இரண்டாவது பத்தை முடித்து, ஓய்வு என்றேன். ஆர்டித் கையைக் கம்பளிச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

வெர்லின் சமையலறை வாசற்படியில் நின்றார். அவர் கண் ஆர்டித்தின் சட்டைப் பை மேல் இருந்தது. நானும் பார்த்தேன், எனக்கு வெறும் பைதான் தெரிந்தது. அந்தக் கனத்துக்குத் துணி எப்படி இழுபடும் என்று வருடக்கணக்காகக் கண்ணாடியில் பார்த்துவந்தவர் அவர். நான் பயிற்சி கொடுத்த கை அதற்குள் இருந்தது. உறையோ தரையில் காய்ந்துகொண்டிருந்தது.

நான் நாற்காலியை அசைக்கப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினார். மெதுவாக வந்து ஆர்டித் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் பையிலிருந்து ஒரு பெப்பர்மின்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதைப் பிரிச்சுக் குடேன். என் விரல் மரத்துப்போச்சு."

"உனக்கு எல்லாத்துக்கும் ஆள் வேணும்" என்றார் ஆர்டித்.

அந்தக் காகிதத்தைப் பிரிக்க இரண்டு கையும் வேண்டும். வலது கை பைக்குள்ளிருந்து வெறுமையாக வெளியே வந்தது. முறுக்கிய நுனியோடு அவர் போராடிக்கொண்டிருந்தபோது, வெர்லினின் இடது கை அந்தப் பைக்குள் போய் வந்தது. சத்தமே இல்லை. துப்பாக்கியை மடிமேல் வைத்து, குண்டுகள் இருக்கும் உருளையைச் சாய்த்தார். ஐந்தும் உள்ளேதான் இருந்தன.

"ஈரமா இருந்துச்சு. ஜில்லுன்னு இருந்துச்சு" என்றார் ஆர்டித். "சூடு பண்ணிட்டிருந்தேன்." பிரித்த மிட்டாயை வெர்லினின் வாயில் போட்டார்.

வெர்லின் மிட்டாயைக் கடிக்கவில்லை. கரையும்வரை உட்கார்ந்திருந்தார். பயிற்சிப் பந்தை நான் என் பைக்குள் வைத்துக்கொண்டேன். அன்றைய பயிற்சியை அதோடு முடித்தேன்.

வாசலில் என்னை வழியனுப்பும்போது அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார். பூட்டுப் பெட்டியை நம்பலாம், தன்னைத்தான் நம்ப முடியவில்லை என்றார். அசதியில் இன்னொரு நாள் பத்து நிமிடம் என்று நினைக்கத்தான் செய்வேன் என்றார்.

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

"உடம்புல எங்க வச்சாலும் வீட்டுக்குள்ள வந்துடுது, தம்பி."

வண்டிவரை நடந்தார். கதவுப் பெட்டியைத் திறந்து, துப்பாக்கியை உள்ளே வைத்துப் பூட்டினார். அந்தப் பெட்டி எத்தனை அடி தள்ளி இருந்தது என்று எண்ணியவர் அவர்தான்.

வெர்லினுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. இன்னும் வண்டி இழுக்கிறார், பகலில் மட்டும். துப்பாக்கி கதவுப் பெட்டியில்தான் இருக்கிறது. பகலில் டெனீஸின் தங்கை வந்து ஆர்டித்தைப் பார்த்துக்கொள்கிறார். ஆர்டித்துக்கு என்னைத் தெரியவில்லை, மிட்டாய் மட்டும் மறக்கவில்லை. அது தினமும் வலது பையில் இருக்கிறது. இடுப்பு வலி முக்கால்வாசி குறைந்துவிட்டது. போன வாரம் புதுப் படிவம் ஒன்றில் கையெழுத்து வாங்கினேன். இடது கையால்தான் வாங்கினார்.