வெடி போட்டுப் பாட்டுக் கேட்ட ஊர்

எங்கள் ஊரில் யாரும் கைதட்ட மாட்டார்கள். வாரம் முழுக்கக் கையை வைத்தே பிழைக்கிறவர்கள், ஞாயிற்றுக்கிழமையாவது அதைச் சும்மா விட்டுவைப்போம் என்று நினைத்தார்களோ என்னவோ. பாட்டு நன்றாக இருந்தால், முடிந்ததும் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரே ஒரு ஓலைவெடி வெடிக்கும். அதுதான் சபாஷ். பிடிக்கவில்லை என்றால் முடியும்வரை பொறுக்க மாட்டார்கள். ஒரு கைப்பிடி சீனிவெடியைக் கொளுத்தி மேடைக்கு முன்னால் எறிவார்கள். அது படபடத்து ஓய்வதற்குள் பாடியவன் இறங்கிப் போயிருக்க வேண்டும். போகாவிட்டால் இன்னொரு கைப்பிடி வரும்.

ஆமத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருந்தது ஊர். ஐம்பதுகளின் கடைசியில் அங்கே விவசாயம் என்று சொல்லிக்கொள்ள மிளகாயும் பருத்தியும் கொஞ்சம், வானம் பார்த்து. மற்றபடி ஆண்கள் வெடி ஆபீசுக்கும் பெண்கள் தீப்பெட்டி ஆபீசுக்கும் போனார்கள். திரி சரியில்லை, சுற்று சரியில்லை என்று கழித்துப் போட்ட வெடியெல்லாம் மடியில் ஏறி வீடு வந்து சேர்ந்துவிடும். அரிசிக்குப் பஞ்சம் வந்த வீட்டில்கூட வெடிக்குப் பஞ்சம் வந்ததில்லை.

பொழுதுபோக்கு என்று வேறு என்ன இருந்தது? டூரிங் டாக்கீஸ் வந்தால் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்ப்போம். அது கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போனால் பஞ்சாயத்து ரேடியோ. தீபாவளி சீசன் முடிந்து வேலை தளர்ந்ததும் கண்மாய்க்கரைப் பொட்டலில் ஞாயிறு சாயங்காலப் பாட்டு தொடங்கிவிடும். சக்கரம் போன பழைய பார வண்டி ஒன்று அங்கே கிடந்தது, அதுதான் மேடை. யார் வேண்டுமானாலும் ஏறலாம். இறங்குவதுதான் அவரவர் கையில் இல்லை.

பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் பக்திப் பாட்டுப் பாட ஏறினார். இரண்டு வரி தாண்டவில்லை. பொத்தல் விழுந்த வேட்டியோடுதான் மறுநாள் பாடம் நடத்தினார், வேறு வேட்டி இருந்தால்தானே. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து கண் தெரியாத ஒருவர் கஞ்சிராவோடு வந்தார். பாவம் என்று விட்டிருக்கலாம். வெடி எங்கே விழுகிறது என்று தெரியாமல் அவர் எக்கி எக்கிக் குதித்ததை ஊர் பல நாள் நடித்துக் காட்டிச் சிரித்தது. செலவில்லாத வேடிக்கை என்றால் அதில் யாராவது ஒரு மனுஷன் செலவாக வேண்டும். எங்கள் ஊருக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

அந்த ஊர் கடைசிவரை உட்கார்ந்து கேட்டது எங்களை மட்டும்தான். எங்களை என்ன, அவனை. நாங்கள் மூன்று பேர். நான் சிவகாசியில் ஒரு அச்சாபீசில் வெடிக்கட்டு லேபிள் அடித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு பழைய புல்புல்தாரா இருந்தது, கட்டையை அமுக்கிக் கம்பியை மீட்டுகிற வாத்தியம். லோடு ஏற்றுகிற ஒருவன், வெடியுப்பு வந்த தகர டின்னைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் அடிப்பான். பாடுகிறவன் என் கூட்டாளி. சினிமாப் பாட்டை ரேடியோவே பாடிவிடுகிறது, நமக்கு எதற்கு என்பான். சொந்தமாகக் கட்டிப் பாடுவான். ஆண் குரலும் பெண் குரலும் அவன் ஒரு தொண்டையிலேயே இருந்தன.

வெடி ஆபீஸ் புருஷன் அலுமினியப் பொடி அப்பிய உடம்போடு வீடு திரும்புவதாக ஒரு பாட்டு. 'யாரது வாசல்ல வெள்ளிச் செலையாட்டம், எங்க வீட்டுக்காரரு கருப்புல்ல' என்று பெண்டாட்டி குரலில் இழுப்பான். 'குளிச்சிட்டு வாரேன் கதவைத் தொற, கருப்பும் வந்துரும்' என்று புருஷன் குரலில் கெஞ்சுவான். பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரிப்பார்கள். முடிந்ததும் பின்னாலிருந்து ஓலைவெடி கேட்கும்.

வெடி போடுகிற பொறுப்பு ஊரில் ஒரே ஆளிடம் இருந்தது. அவர் பாடுகிறவனுக்கே சொந்தச் சித்தப்பா. நல்ல ரசனை உள்ளவர் என்று பெயர். அவர் செத்துப்போனார் என்று கேள்விப்பட்டபோதுகூட எனக்கு அவர் மேல் இருந்த வெறுப்பு குறையவில்லை.

என் கூட்டாளி மருந்து அறையில் வேலை பார்த்தான். வெடிமருந்து கலக்குகிற இடம் அது. ஆபீசிலிருந்து தள்ளி ஒத்தையாகக் கட்டியிருப்பார்கள், போனால் ஒருத்தனோடு போகட்டும் என்று. அவனுடைய அண்ணன் அந்த அறையில்தான் போனான். காரியம் முடிந்ததும் கம்பெனிக்காரர்கள் வீட்டுக்கு வந்து, அண்ணன் இடத்தைத் தம்பிக்குத் தருகிறோம் என்றார்கள். ஊரே அதைப் பெரிய மனசு என்று மெச்சியது. தினமும் காலையில் அந்தக் கதவைத் திறக்கும்போது அண்ணன் உள்ளே நிற்பதுபோல இருக்கும் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். எப்படியாவது வெளியே போக வேண்டும், அதற்கு அவனிடம் தொண்டையைத் தவிர வேறு வழி இல்லை.

விருதுநகரில் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சிக்குப் போயிருந்தோம். ராட்டினத்துக்குப் பக்கத்தில் கூட்டத்தைக் கூட்டி வெள்ளிச்சிலைப் பாட்டைப் பாடினோம். மதுரையில் கல்யாணக் கச்சேரிக் குழு வைத்திருந்த ஒருவர் நின்று கேட்டார். முடிந்ததும் எங்களுக்குப் புரோட்டா வாங்கிக் கொடுத்து, அவனிடம் மட்டும் பேசினார். ரெண்டு குரலும் பாடுகிற ஆள்தான் அவருக்கு வேண்டும், புல்புல்தாராவும் டின்னும் வேண்டாம். எனக்கு வருத்தம்தான், ஆனால் அவன் மருந்து அறையை விட்டுப் போவான் என்றால் என் வருத்தத்தைத் தூக்கி உடைப்பில் போடலாம் என்று இருந்தது.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "பொருட்காட்சியில யாரு பாடுனாலும் நாலு பேரு நிப்பான் தம்பி. சொந்த ஊருல உன்னைய எப்படிக் கேக்குறாங்கன்னு பாக்கணும். அவங்களை உக்கார வச்சிட்டா எந்த ஊரையும் உக்கார வச்சிரலாம். ஒரு ஞாயித்துக்கிழமை நானே வாரேன்."

நாங்கள் சிரித்துவிட்டோம். இதைவிட லேசான பரீட்சை எங்காவது உண்டா? ஊருக்கு வந்து வீடு வீடாகச் சொன்னோம். மதுரைக்காரர் வருகிறார், அவனைக் கூட்டிப் போகப் போகிறார் என்று. எல்லாரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். அந்த வாரம் முழுக்க அவன் மூக்கிலும் வாயிலும் துணியைக் கட்டிக்கொண்டு மருந்து கலக்கினான். கந்தகம் தொண்டையில் இறங்கிவிடக் கூடாதாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த கூட்டத்தைப்போல நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மதுரைக்காரர் வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக பஸ்ஸை விட்டு இறங்கினார். டீக்கடையில் வைத்து ஊர் வழக்கத்தை அவருக்கு விளக்கமாகச் சொல்லியிருந்தார்கள். நல்லா இருந்தா ஒத்த வெடி, நல்லா இல்லேன்னா சீனிவெடி. அவர் அதை ரசித்துச் சிரித்ததாக டீக்கடைக்காரர் பிறகு சொன்னார்.

முதலில் வெள்ளிச்சிலைப் பாட்டு. இழுத்தான் பாருங்கள், அதுவரை அப்படிப் பாடியதில்லை. கூட்டம் அசையவில்லை. நான் வண்டி மேல் இருந்ததால் எனக்கு முகங்கள் தெரிந்தன. பெண்கள் முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் தலையைக் குனிந்து தோளைக் குலுக்கினார். பாட்டு முடிந்தது. பின்னாலிருந்து ஓலைவெடி வரவில்லை. மதுரைக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அவன் எங்களிடம் கேட்காமலே அடுத்ததைத் தொடங்கினான். புருஷன் வரவேண்டிய நேரத்தில் வேலியோரம் நின்று பாதையைப் பார்க்கிற பெண்ணின் பாட்டு. அண்ணனைப் பறிகொடுத்த அவனுடைய மதினிக்காகக் கட்டியது என்று எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரிந்திருக்கும். அதை அவன் மேடையில் பாடியதே இல்லை. அந்தக் குரல் மேலே ஏறி நின்ற இடத்தில் முதல் கைப்பிடி சீனிவெடி வந்து விழுந்தது.

சித்தப்பா போட்டது. என் கண்ணால் பார்த்தேன். அவர் கன்னத்தில் நீர் வடிந்துகொண்டிருந்தது. பாட்டைக் கேட்டு அழுதுகொண்டே அடுத்ததைக் கொளுத்தினார். அதற்குப் பிறகு அவர் மட்டும் இல்லை, வலப்பக்கம், இடப்பக்கம், பெண்கள் உட்கார்ந்திருந்த இடம் என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. எல்லாரும் மடியில் கட்டிக்கொண்டுதான் வந்திருந்தார்கள். அவன் இறங்கவில்லை. புகைக்குள் வாய் திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது. டின்காரன் குதித்து ஓடிவிட்டான். புகை விலகியபோது மதுரைக்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.

ஓடிப்போய் அவரை மறித்தேன். "ஐயா, பொய்யிங்க. அவனைய விடக்கூடாதுன்னு போடுதாக. நல்லா இருந்துச்சுன்னு அவுகளுக்கே தெரியும்."

"தம்பி, நல்லா இருக்குன்னு சீனிவெடி போடுவாங்களா?" என்றார். "உங்க ஊரு வழக்கம் உங்க ஊருக்காரங்க சொன்னதுதான." பஸ் வந்தது, ஏறிவிட்டார்.

திரும்பி வந்தபோது சித்தப்பா வண்டியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தாளில் பொதிந்த காராச்சேவை அவன் மடியில் வைத்திருந்தார். அவன் கை அதைத் தொடவில்லை.

"கோவப்படாதலே," என்றார். அவ்வளவு பிரியமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "நீ போயிட்டா ஞாயித்துக்கெழம நாங்க என்னத்தச் செய்ய? மதுரையில ஆயிரம் பேரு பாடுதான். எங்களுக்கு யாரு இருக்கா? அண்ணன் எடமும் இங்கன ஒனக்குத்தான இருக்கு."

சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒரு அக்கா முந்தானையால் அவன் முகத்துக் கரியைத் துடைத்துவிட்டு, "அந்தக் கடேசிப் பாட்டு என்னமா இருந்துச்சுப்பா, அடுத்த வாரம் முழுசாப் பாடு" என்றாள். எரிகிற வீட்டில் பிடுங்குகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். தீயை வைத்துவிட்டு அங்கேயே குளிர்காய்கிறவர்களை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அவர்கள் ஒவ்வொருவரையும் அறைய வேண்டும்போல இருந்தது. அறைந்திருந்தால் அதையும் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருப்பார்கள்.

மறுநாள் அவன் மருந்து அறைக்குப் போனான். மூக்கில் துணி கட்டவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊர் ஒன்றுமே நடக்காததுபோலப் பொட்டலில் வந்து உட்கார்ந்தது. அவனும் வந்தான். வண்டியில் ஏறவில்லை. நேராகப் பின்வரிசைக்குப் போய்ச் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையிலிருந்த தீப்பெட்டியை வாங்கிக்கொண்டான். ஏறு, பாடு என்று எவ்வளவோ கேட்டார்கள். அசையவில்லை. வண்டி காலியாகக் கிடந்தது, கூட்டம் நெளிந்தது. பொறுக்க முடியாமல் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒருத்தியைத் தள்ளிவிட்டார்கள். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறவள், வாக்கப்பட்டு வந்து அதிக நாள் ஆகவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே ஒரு தாலாட்டைத் தொடங்கினாள். நான் புல்புல்தாராவை எடுக்கக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன். அப்படி ஒரு குரல் எங்கள் தெருவில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தது ஆண்கள் யாருக்குமே தெரியவில்லை.

முதல் வரி முடிவதற்குள் சீனிவெடி விழுந்தது. அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு குதித்து இறங்கினாள். கூட்டம் ஒரு நொடி திகைத்து, பிறகு அவள் இறங்கிய தினுசைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தது. போட்டவன் அவன்தான்.

நான் அவன் சட்டையைப் பிடித்தேன். "ஏன்லே போட்ட? எம்புட்டு நல்லாப் பாடுதா."

அவன் அடுத்த கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான். "ஆமா, நல்லாத்தான் பாடுதா," என்றான். "விட்டா போயிருவால்ல."