பத்துக் கலன் தாங்கியோடு நெடுந்தீவுக்கு

1984, மாசி மாதம். நானும் மனைவி பவளமும் காலை ஆறு மணிக்கு வட்டுக்கோட்டையில் பஸ் ஏறினோம். மறுநாள் நெடுந்தீவில் அவளுடைய தம்பிக்குக் கலியாணம். பிறந்த ஊருக்கு அவள் போய் ஒன்பது வருடமாகிறது. கடைசிப் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு அரை மணித்தியாலத்துக்கு மேல் அவளால் சிறுநீரை அடக்க முடியாது. அன்றும் வேலணையில் ஒரு வீடு, புங்குடுதீவில் ஒரு வீடு என்று இறங்கி ஏறித்தான் பதினொரு மணிக்குக் குறிகட்டுவான் படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தோம். கடலில் எங்கே இறங்குவது? இயந்திரப் படகான லோஞ்சில் ஒன்றேகால் மணித்தியால ஓட்டம்.

குருநகர் லோஞ்சுக்காரர் பிலிப்பு அண்ணை, எங்கள் வாயில் பிலிப்பண்ணை, தன் சின்ன லோஞ்சில் புதிதாகக் கக்கூஸ் பொருத்தியிருக்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் பவளம் புறப்பட்டாள். கலியாண வீட்டுக்காரர் போல நின்று வரவேற்ற மனிதர், எங்களை முதலில் அதைத்தான் பார்க்கக் கூட்டிப்போனார். பின்பக்கம் பலகை அடைப்பு, கதவு, கொண்டி. உள்ளே கோப்பை. கடைசி ஆசனத்துக்குக் கீழே, கழிவு சேர, இரும்புத் தகட்டை ஒட்டிச் செய்த பத்துக் கலன் தாங்கி; நாற்பத்தைந்து லீற்றர் கொள்ளும். நாற்றம் போக மேலே ஒரு மெல்லிய குழாய், வெறுமையாக்க ஒரு கைப்பம்பு.

“நேரை கடலுக்கை விட்டால் என்ன?” என்று கேட்டேன்.

“என்ன மாஸ்டர் கதைக்கிறியள்? நயினாதீவிலை சனம் தீர்த்தமாடுது. இஞ்சாலை எங்கடை ஆக்கள் வலை போட்டிருக்கிறாங்கள். நான் கரையிலை இறைச்சு, கிடங்கு வெட்டி ஊத்தி மூடுவன்.”

இருபது பேருக்கு ஒரு நாளைக்குப் பத்துக் கலன் தாராளம் என்று வெளிநாட்டுக் கப்பலில் வேலை செய்த ஒருவர் கணக்குச் சொன்னாராம்.

11.20க்குப் புறப்பட்டோம். பதினான்கு பேர், எல்லோரும் கலியாணத்துக்குப் போகிறவர்கள். புதுக் கக்கூஸைப் பார்க்காமல் விடுவார்களா? ஒருவர் பின் ஒருவராக உள்ளே போனார்கள். ஒவ்வொருவரும் கயிற்று வாளியால் கடல்நீரை மொண்டுகொண்டு போய், கழுவி, கோப்பைக்கும் அரை வாளி ஊற்றி, சுத்தமான ஆட்களாக வெளியே வந்தார்கள்.

11.45. நயினாதீவுக் கோயில் வலப்பக்கம் தெரிந்தபோது பவளம் எழுந்து போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். கோப்பை விளிம்புவரை நிறைந்து நின்றது.

பிலிப்பண்ணை குனிந்து தாங்கியைத் தட்டினார். சத்தமே வரவில்லை.

“நிறைஞ்சிட்டுது. கப்பல்காரன் பிழை சொல்லேல்லை மாஸ்டர். அவங்கள் கடதாசி ஆக்கள், எங்கடை சனம் வாளி ஆக்கள். அதை நான் யோசிக்கேல்லை.”

“உதிலை கடலுக்கை இறைச்சு ஊத்துங்கோவன்,” என்றார் ஒருவர்.

“கோயிலுக்கு முன்னாலையோ? ஏலாது. ஆழத்துக்குப் போகக் கால் மணித்தியாலம் வேணும். இல்லாட்டிக் கரைக்குத் திருப்பட்டோ தங்கச்சி?”

பவளம் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். முகம் வெளிறிவிட்டது. “திருப்ப வேண்டாம்,” என்றாள்.

அந்தக் கால் மணித்தியாலத்தைப் போல நீண்ட பயணம் நான் போனதில்லை. ஆழம் வந்ததும் இயந்திரத்தை நிறுத்தி, காற்றுப் போகிற பக்கம் பம்பின் குழாயைக் கடலுக்குள் இறக்கினார். கலியாண வீட்டுக்குப் போய் இறங்க என்று கட்டியிருந்த பட்டுவேட்டியை மடித்துக்கொண்டு நானும் பம்பில் கை கொடுத்தேன். எல்லோரும் மூக்கைப் பொத்தி மறுபக்கம் திரும்பினார்கள். பம்பு விக்கி விக்கி இறைத்தது. பாதி இறங்கியதுமே, “போ தங்கச்சி!” என்று கத்தினார் பிலிப்பண்ணை.

அவள் வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்றத்தால் என்று சொல்லிக்கொண்டேன். ஒரு மணியளவில் நெடுந்தீவு இறங்குதுறை. அவளைக் கண்டதும் மாப்பிள்ளைத் தம்பி சேர்ட்டோடு தண்ணீரில் இறங்கி ஓடிவந்தான்.

மூன்றாம் நாள் திரும்பினோம். இதற்குள் பிலிப்பண்ணை அடைப்புக்குள் வாளியைக் கொண்டுபோகத் தடை போட்டு, ஆணியில் ஒரு பால்மாத் தகரப் பேணியைத் தொங்கவிட்டிருந்தார். ஆளுக்கு இரண்டு பேணி தண்ணீர், அதற்கு மேல் இல்லை. தாங்கி கடைசிவரை நிறையவில்லை.

பவளம் சிறுத்துப்போகும் தீவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தகப்பனார் காலமாகி நாலு வருடம். செத்தவீட்டுக்கு நான் மட்டும் வந்து போனேன். அவள் ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் கடல் ஒத்துக்கொள்ளாது என்றுதான் காரணம் சொன்னேன்.

“இஞ்சாருங்கோ, உந்தத் தாங்கி செய்ய எத்தினை நாள் பிடிச்சதாம்?”

“ரெண்டு நாளாம்,” என்றேன்.

“ரெண்டு நாள் வேலை. அதுக்கு ஒன்பது வருஷம்,” என்று அவள் மறுபடி தீவின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.